எழுதினபடி மூன்று அடி

திவாகரன் பெரிய இசையமைப்பாளர். சந்தேகமிருந்தால் அவரையே கேளுங்கள். டிரம்ஸ் குச்சியைப் பிடிக்கத் தெரியாது, ஆனால் கம்ப்யூட்டரில் டிரம்ஸுக்கு நோட்ஸ் எழுதித் தள்ளுவார். கம்ப்யூட்டர் அதை வாசித்தால், தானே வாசித்ததுபோலத் தலையாட்டிக்கொள்வார்.

“ஒரு அடி குறைஞ்சாலும் வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்” என்று, முதல் நாள் ரெக்கார்டிங்குக்கு வந்த டிரம்மர் ஜெசிந்தாவை மிரட்டினார்.

அவள் நோட்ஸ் தாளைப் பார்த்தாள். எட்டாவது வரியில் ஸ்னேர், டாம் என்ற இரண்டு டிரம்கள், சிம்பல் தட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் கையால் அடிக்க வேண்டுமாம்.

“எனக்கு ரெண்டு கைதான் சார். எழுதினபடியே வரணும்னா, சிம்பலை நீங்க அடிங்க.”

ரெக்கார்டிங்குக்கு வந்திருந்த வயலின்காரர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். திவாகரன் வீறாப்பாக, அவளிடம் கூடுதலாக இருந்த குச்சியை வாங்கினார். மூன்று முறை வாசித்தார்கள். மூன்று முறையும் அந்த இடம் தாண்டிப் போன பிறகுதான் சிம்பல் கேட்டது.

“ஒரு அடி குறையுது சார்” என்றாள் ஜெசிந்தா. “வேற ஆளைக் கூப்பிடலாமா?”