நாய் ஏன் நம் முகம் பார்க்கிறது

அந்தக் காலத்தில் நாய்க்குப் பேச்சும் இருந்தது, வீட்டுக்குள் படுக்க இடமும் இருந்தது. இரண்டையும் அது ஒரே நாளில் இழந்தது.

பூவாயி வீட்டில் செவலை என்றொரு நாய்க்குட்டி இருந்தது. பால்குடி மறந்த கையோடு வந்த குட்டி, கண்ட இடத்தில் ஈரம் பண்ணும். அவள் புருஷன் சடையனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இன்னொரு தடவை வீட்ட நாறடிச்சா, தூக்கி வெளிய போட்ருவேன்" என்று சொல்லிவிட்டான். செவலை பூவாயி காலடியில் போய் ஒண்டிக்கொண்டது. பூவாயியை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?

அப்போது பூவாயி நிறைமாசம். ஐப்பசி அடைமழை வேறு. குட்டியைத் தூக்கிக்கொண்டு அவளால் வெளியே ஓட முடியுமா? நைந்த சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை அடுப்படி மூலையில் விரித்தாள். மறுபாதியைப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று எடுத்து வைத்தாள். பச்சைப் பிள்ளையைப் பழஞ்சேலையில் கிடத்துவதுதானே வழக்கம்.

"கண்ணு, வெயில் அடிச்சா வேலியோரம் போ. மழை பெஞ்சா இந்தச் சேலையில ஒண்ணுக்கு இரு."

"உங்க வாசம் அடிக்கிற இந்தத் துணிதானேம்மா?"

"ஆமா, என் சேலைதான்."

செவலை கெட்டிக்காரக் குட்டி. அதன்பிறகு ஒருநாளும் இடம் தப்பவில்லை. பூவாயி தலையைத் தடவி "என் ராசா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அது அடக்கிக்கொண்டு மூலைக்கு ஓடும்.

பிள்ளை பிறந்தது. வீட்டைக் கழுவிவிட்டவர்கள் மூலையில் கிடந்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். குட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்குத் தோன்றும்? வெளியே மழை கொட்டியது. செவலை மூலை மூலையாகத் தேடி அலைந்தது. கடைசியில் அந்த வாசம் கிடைத்தது. சேலைமேல் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைமேல் படாமல், ஓரமாக, சேலை விளிம்பில் போய் ஒண்ணுக்கு உட்கார்ந்தது செவலை.

சடையன் பார்த்துவிட்டான். பிடரியைப் பிடித்துத் தூக்கினான்.

"ஐயா, அம்மாதான் இந்தச் சேலையில ஒண்ணுக்கு இருக்கச் சொன்னாங்க" என்று கதறியது குட்டி.

சடையன் பூவாயி பக்கம் திரும்பினான். "நாய்க்குப் போட்ட சேலையிலயா என் பிள்ளையப் போட்டிருக்க?"

பூவாயி குட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "நான் எதுக்கு அப்படிச் சொல்லப் போறேன்? அது பொய் சொல்லுது" என்றாள்.

பயத்தில்தான் சொன்னாள். ஆனாலும் அது பாவம்தான்.

செவலை மழையில் போய் விழுந்தது. கதவு சாத்தப்பட்டது. உள்ளே விடச் சொல்லி அது கெஞ்சவில்லை. உண்மையைச் சொல்லியே இந்தக் கதி என்றால் பேசி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டது. பிறகு எந்த நாயும் பேசவில்லை.

அன்று முதல்தான் நாய் மண்ணை மோந்து மோந்து சுற்றி வந்து, பிறகே ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ உட்காருகிறது. உட்கார்ந்ததும் நம் முகத்தையே பார்க்கிறது. இங்கே போ என்று சொல்லிவிட்டு, நான் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடுவோமோ என்று அதற்கு இன்னும் பயம்.