மூன்றாம் கட்டத்தில் மறைந்தவள்

இந்தக் கதையில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று முடிவில் உங்களிடம்தான் கேட்கப் போகிறேன். அதனால் யாரையும் சட்டென்று நம்பிவிடாமல் கேளுங்கள்.

திசையன்விளைப் பக்கம் ஒரு பெண்கள் கபடி அணி இருந்தது. எதிரணியின் எல்லைக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவதில் இசக்கியம்மாளை மிஞ்ச ஆளில்லை. அணித் தலைவி காளீஸ்வரியோ பிடியில் கெட்டிக்காரி. இருவரும் ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பயிற்சியாளர் அருமைநாயகத்துக்கு எந்நேரமும் மாவட்டக் கோப்பை நினைப்புதான்.

அந்த வருடம் சென்னைக் கல்லூரி ஒன்றில் கபடி ஆடும் பெண்ணுக்கென்று ஓர் இடம் இருந்தது. அணியின் இணையப் பக்கத்தைப் பார்த்து, தகுதியானவர்களை ஆடிக்காட்ட அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இசக்கிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். அந்த ஓர் இடத்தைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள். காளீஸ்வரிக்கும் அதன்மேல் ஆசை உண்டு.

இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்தவன் கணினி மையம் நடத்தும் ஜெபர்சன். குறுக்கே நான்கு கட்டம், கீழ்நோக்கி மூன்று கட்டம் என்று பக்கத்தைப் பிரித்து, ஒவ்வொரு படத்துக்கும் இடம் குறித்திருந்தான். தலைவியின் படம் மட்டும் பெரியது. இடது மேல் மூலையில், குறுக்கே இரண்டு கட்டம், கீழே இரண்டு கட்டம். அதற்கு அடுத்து, மேல் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் இசக்கி. அவளுக்குக் கீழே உள்ள கட்டம் காலி. அங்கிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு படம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று எழுதும்போது, கட்டத்தின் எண்ணை எழுதக் கூடாது. கட்டங்களைப் பிரிக்கும் கோட்டின் எண்ணை எழுத வேண்டும். முதல் கட்டத்தின் இடது ஓரம் ஒன்றாம் கோடு. நான்கு கட்டத்துக்கு ஐந்து கோடு. முதல் இரண்டு கட்டங்களையும் ஒரு படம் மூட வேண்டுமானால், ஒன்றாம் கோட்டிலிருந்து மூன்றாம் கோடு வரை என்று எழுத வேண்டும். ஜெபர்சன் இதை அருமைநாயகத்துக்குச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தைத் திருத்தும் கடவுச்சொல்லையும் அவரிடம் கொடுத்திருந்தான்.

கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது, காளீஸ்வரிக்கு மட்டும்.

இசக்கி நேரே கணினி மையத்துக்குப் போய்ப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் காளீஸ்வரியின் தோள் இருந்தது.

ஜெபர்சன் உள்ளே திறந்து பார்த்தான். "ஒன் படம் அழியல. அதே எடத்துலதான் இருக்கு. அவ படம் அகலமாகி, அது மேல ஏறி நிக்கி" என்றான். தலைவியின் படத்துக்குக் கீழ்நோக்கி ஒன்று முதல் மூன்று என்று பழையபடியே இருந்தது. குறுக்கே மட்டும் ஒன்று முதல் நான்கு.

"நீ மாத்துனியா?"

"செஞ்சு கொடுத்த பெறகு நான் அதத் தொடவே இல்ல."

இசக்கிக்கு நம்பிக்கை வரவில்லை. யாருக்காகச் செய்தான் என்றுதான் யோசித்தாள். நேரே காளீஸ்வரியின் வீட்டுக்குப் போனாள்.

"ஏட்டி, எடம் ஒண்ணுதான்னதும் என்னைய மூடிப்புட்டியா?"

காளீஸ்வரிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "எனக்கு அந்தப் பக்கத்தப் பாக்கத்தான் தெரியும். மாத்த எங்க தெரியும்?"

"அழைப்பு ஒனக்குத்தான வந்திருக்கு?"

மறுநாள் மைதானத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கடவுச்சொல் ஜெபர்சனிடமும் பயிற்சியாளர் சாரிடமும் மட்டும்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உடனே அருமைநாயகம் முன்னால் வந்தார்.

"நாந்தான் மாத்துனேன். காளியோட படம் மங்கலா இருக்கேன்னு புதுசு போட்டேன். எடத்தையும் நானே எழுதுனேன். முதல் ரெண்டு கட்டத்துலதான் வைக்கணும்னு நெனச்சேன். கோட்டு நம்பர எழுதணும்கிறது மறந்துபோச்சு. கட்டத்து நம்பர்னு நெனச்சு எழுதிட்டேன். அதான் ஒரு கட்டம் கூடிப்போச்சு. இசக்கி, ஒனக்கு வேணும்னே செய்வேனா?"

அவரைப் பார்க்கப் பெண்களுக்குப் பாவமாகிவிட்டது. "தெரியாமச் செஞ்சதுதான, விடுட்டி" என்றார்கள். இசக்கி தலையாட்டினாள். ஆனால் அவள் மனம் ஆறவில்லை.

தொடவே இல்லை என்றான் ஜெபர்சன். மாற்றத் தெரியாது என்றாள் காளீஸ்வரி. மறதியில் நடந்தது என்றார் அருமைநாயகம். இந்த மூவரில் பொய் சொன்னது யார்? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?

விடை: பொய் சொன்னவர் அருமைநாயகம். கட்ட எண் என்று நினைத்து முதல் இரண்டு கட்டங்களைக் குறித்திருந்தால், ஒன்று முதல் இரண்டு என்றுதான் எழுதியிருப்பார். கம்ப்யூட்டர் அதைக் கோடாக எடுத்துக்கொண்டு, படத்தை ஒரே கட்டத்துக்குள் நிறுத்தியிருக்கும். அவர் சொன்ன மறதியால் படம் சுருங்குமே தவிர விரியாது. கீழ்நோக்கிய எண்ணும் சரியாகவே இருந்தது. நான்கு என்ற எண், மூன்றாம் கட்டத்தையும் மூட வேண்டும் என்று தெரிந்தே எழுதியது. இசக்கி இதைச் சொன்னபோது அவர், "நீ போயிட்டா எனக்கு டீம் எங்க இருக்கு?" என்றார். காளீஸ்வரியே கல்லூரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். இருவரும் போய் ஆடினார்கள். இடம் இசக்கிக்குக் கிடைத்தது. திரும்பும் வழியில் இசக்கி மன்னிப்புக் கேட்டாள். "எடம் போனதுகூடப் பரவால்லட்டி. மொதல்ல என்னையத்தான நெனச்ச?" என்றாள் காளீஸ்வரி.