துணைக்கு ஒரு சிலிண்டர்

கோணமுனைக் கடற்கரையில் அந்த மூன்று பேர் கூடி யோசித்தால் மற்றவர்கள் தூர விலகி நிற்பார்கள். பட்ட அனுபவம்.

மூவரில் இன்னாசிக்குத்தான் படகு சொந்தம். தொம்மையும் கஸ்பாரும் அவன் மச்சினன்மார். அன்று கரை திரும்பும்போது, "மோட்டாரை இறக்குலே" என்றான் இன்னாசி. கரை வந்தபிறகு என்று சொல்லவில்லை. தொம்மையும் காத்திருக்கவில்லை. கழற்றினான். கடலில் இறக்கினான்.

ஆறு பாகம் ஆழம், ஆறு ஆள் உயரம். இவர்கள் மூச்சடக்கி முங்கினால் எட்டாது. நெத்திலி குவிந்து நிற்கிற நேரம், ஊரே வாரிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் இன்னும் இரண்டு நாள் கிடந்தால் மோட்டார் பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும். இன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை.

கடலுக்கடியில் மூச்சு விடுகிற சிலிண்டர் டவுனில் வாடகைக்குக் கிடைக்கும். போனார்கள். கடைக்காரர் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று காட்டினார்.

"எது ரொம்ப நேரம் வரும் அண்ணாச்சி?" என்றான் இன்னாசி.

"அது இழுக்கிற ஆளைப் பொறுத்ததுவே. ஒருத்தன் ஒரு மணி நேரம் ஓட்டுவான். இன்னொருத்தன் அரை மணியில தீர்த்துருவான். பயந்தா காத்து சீக்கிரம் தீரும். இறுக்கமா இருக்கப்படாது, எல்லாம் தளர்வா இருக்கணும். தனியா இறங்கவே கூடாது, ஜோடியாத்தான். முங்கத் தெரியும்லா?"

"பொறந்ததே தண்ணியிலதான்."

"சின்னதை எடுங்க அத்தான்" என்றான் கஸ்பார். "சின்ன வயிறு. கொஞ்சமாத்தான் காத்து குடிக்கும்."

துடுப்புப் போட்டு மோட்டார் விழுந்த இடத்துக்கு வந்ததும் ஆலோசனை.

"ரெண்டு பேரு இழுத்தா?" என்றான் இன்னாசி.

"அரை மணி" என்றான் தொம்மை.

"ஒருத்தன் இழுத்தா?"

"ஒரு மணி."

கஸ்பார் நெற்றியைச் சுருக்கினான். "யாருமே இழுக்கலைன்னா?"

தொம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. "தீரவே தீராது அத்தான்!"

இன்னாசிக்குப் புல்லரித்தது. இத்தனை மூளையை வைத்துக்கொண்டு ஒருவன் நெத்திலி பிடிக்கிறானே என்று வருந்தினான்.

சிலிண்டரை மட்டும் அனுப்புவதென்று முடிவாயிற்று. தொம்மை கயிறு கட்டினான்.

"இறுக்காதலே! தளர்வா இருக்கணும்னாரே!"

தளர்த்தினான். சிலிண்டர் சமர்த்தாக இறங்கியது.

ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு குமிழி இல்லை.

"பாத்தீங்களா, துளிக் காத்து செலவாகல" என்றான் கஸ்பார்.

கயிற்றை இழுத்தார்கள். கயிறு வந்தது.

"சிலிண்டர் எங்கலே?"

"தேடுது அத்தான். அவசரப்படுத்தாதீங்க."

பொழுது சாய்ந்தது. அப்போதுதான் இன்னாசிக்கு ஒன்று உறைத்தது. கரை சேர்ந்ததும் தலையில் அடித்துக்கொண்டு டவுனுக்கு ஓடினான்.

"சிலிண்டர் எங்கவே?" என்றார் கடைக்காரர்.

"கடல்ல."

"ஐயோ, யாரு உள்ள இருக்கா?"

"அது மட்டுந்தான்."

கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி. ஜோடியா இறக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. சின்னஞ்சிறுசைத் தனியா விட்டுட்டோம். அடியில பயந்து, இருக்கிற காத்தையெல்லாம் தீர்த்துச்சுன்னா என் மோட்டாரை யாரு எடுப்பா?"

பெரிய சிலிண்டரை மேலும் கீழும் பார்த்தான். முதுகில் தட்டினான். திருப்தியில்லை.

"துணைக்கு ஒண்ணு வேணும். பெரிசோ சின்னதோ, கொஞ்சம் தைரியமானதாப் பாத்துக் குடுங்க."