கருமாயியின் தேனடை

பாறைகள் நிறைந்த ஒரு காட்டில் கருமாயி என்றொரு கரடி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். எதற்கெடுத்தாலும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஈ உட்கார்ந்தால் ஈயோடு சண்டை. முள் குத்தினால் முள்ளோடு சண்டை. தேன் எடுக்கப் போனாலும் தேனீக்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, முகம் வீங்கி, வெறுங்கையோடு திரும்புவாள். குட்டிகள் பட்டினி கிடக்கும்.

பக்கத்துக் குகையில் ஒரு புத்த பிக்கு தங்கியிருந்தார். கருமாயியின் கூச்சல் தாங்காமல் ஒருநாள் அவர் சொன்னார்: "அம்மா, கோபம் வரும்போது உன் மூச்சைக் கவனி. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. அவ்வளவுதான்."

"அதனால் தேன் கிடைக்குமா, சாமி?"

"செய்துதான் பாரேன்."

செய்து பார்த்தாள். தேனீ கொட்டியது. கத்தாமல் மூச்சைக் கவனித்தாள். வலித்தது, ஆனால் வலி மட்டும்தான் இருந்தது. அன்று ஒரு முழுத் தேனடை கிடைத்தது.

குட்டிகள் ஓடையில் விளையாடிக்கொண்டிருந்தன. அவை வரும்வரை தேனடையை முன்னால் வைத்துக்கொண்டு கருமாயி கண்மூடி உட்கார்ந்தாள். அதை ஒரு தந்திரக்கார நரி பார்த்துவிட்டது.

"அக்கா, நீங்கள் கோபத்தையே வென்றுவிட்டீர்களாமே? காடெல்லாம் இதே பேச்சு."

"ஏதோ கொஞ்சம்," என்றாள் கருமாயி. அவள் உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"பெரிய தியானிகள் பக்கத்தில் இடி விழுந்தாலும் கண் திறக்க மாட்டார்களாம். உங்களால் முடியுமா?"

"ஏன் முடியாது?" என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

உடனே 'சளக், சளக்' என்று நக்கும் சத்தம் கேட்டது. கருமாயிக்குக் கோபம் பொங்கியது. மூச்சைக் கவனித்தாள். கோபம் மெல்ல அடங்கியது. சளக் சத்தம் அடங்கவில்லை.

'இப்போது கண்ணைத் திறந்தால் நரி என்னை என்ன நினைக்கும்?' என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் சற்றுக் கவனித்தாள். அதுவும் போய்விட்டது.

கண்ணைத் திறந்தாள். நரியின் வாலை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, மீதித் தேனடையைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

நரி வாலை இழுத்துப் பார்த்தது. "அக்கா, கோபமா?"

"வந்தது தம்பி, போய்விட்டது."

"அப்படியானால் காலை எடுங்களேன்."

"குட்டிகள் வந்து சாப்பிட்டு முடிக்கட்டும். அதுவரை நீயும் மூச்சைக் கவனி."

நீதி: மனம் அமைதியாக இருக்கட்டும், கண் விழிப்பாக இருக்கட்டும்.