கூடலாம்

பூபாலன் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. குரு நாற்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். தன்னைவிடச் சின்னவர் காலில் விழுவதில் பூபாலனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. விழுந்து எழுவதில் முட்டிவலிதான் பெரிய தொல்லை என்று தெரிந்த பிறகு கூச்சம் போய்விட்டது.

போடி போகும் சாலையில், ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் இருந்தது மடம். அங்கே வருவதற்கு முன் பூபாலன் சென்னையில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். சோப்பு, ஊறுகாய், கடைசியாக உயரம் கூட்டும் மாத்திரை. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிட்டு, நின்றுபோன உயரத்தை மறுபடி வளர்க்கும் என்று கம்பெனிக்காரர்கள் விற்ற மாத்திரை அது. டவுன் பஸ்ஸின் முதுகில்கூட அந்த விளம்பரம் ஒட்டியிருந்தது.

ஒருநாள் காலை, காய் நறுக்கும்போது குருவிடம் கேட்டார்.

“சாமி, நான் அதுல ஒரு பொய்கூட எழுதல. உயரம் கூடும்னு எழுதச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். கூடலாம்னுதான் எழுதினேன். வக்கீல் பார்த்துட்டு, இதுல ஒரு சிக்கலும் வராதுன்னார். அப்புறம் ஏன் மனசு உறுத்துது?”

“கூடலாம்னா என்ன அர்த்தம்?”

“கூடினாலும் கூடும், கூடாமலும் போகும்.”

குரு நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் அள்ளிப் போட்டார்.

சமையல் முடிவதற்குள் முத்துப்பேச்சி வந்தாள். விடியுமுன் ஜீப்பேறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். அன்று கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். கூடவே மகள் நாகஜோதி. சுவரோடு ஒட்டி, யாரோ அளக்கப் போகிறார்கள் என்பதுபோல அந்தப் பெண் விறைப்பாக நின்றாள்.

“சாமி, இவ போலீசுக்குப் போகணும்னு சின்னதுல இருந்தே ஓடிப் பழகுறா. ஓட்டத்துல இவளை அடிக்க ஆளில்ல. உயரம் அளக்குற இடத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு சென்டிமீட்டர் பத்தலையாம். அதுக்குத்தான் இதைக் குடுத்துக்கிட்டு இருக்கேன்.” மடியிலிருந்து அதே மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தாள். “இப்ப நர்சிங் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. பீஸ் கிடையாது. நாளைக்குள்ள சேரணும். சேர்ந்தா போலீஸை மறந்துரணும். இவளுக்கு உயரம் கூடும்னா காத்திருப்போம். கூடாதுன்னா நர்சிங்ல சேர்த்து விட்டுர்றேன். சாமி ஒரு வாக்குச் சொல்லணும்.”

குரு டப்பாவைப் பார்த்தார். பிறகு பூபாலனைப் பார்த்தார்.

“இதைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. இவருக்குத்தான் தெரியும். இவர் சொல்லுவார்.”

முத்துப்பேச்சி பூபாலன் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

“கூடுமாங்கய்யா?”

பூபாலன் வாயைத் திறந்தார். நாகஜோதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

“கூடலாம்மா,” என்றார்.

முத்துப்பேச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியாடி? கூடலாமாம்.” திருநீறு வாங்கிக்கொண்டு, டப்பாவை மடியில் செருகிக்கொண்டு, மகளோடு வெளியே நடந்தாள்.

குரு மெதுவாகக் கேட்டார். “பூபாலன், வீட்டுக்கு வந்தவங்களைச் சாப்பிடலாம் வாங்கன்னு கூப்பிட்டா, சோறு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்னா அவங்க நினைப்பாங்க?”

பூபாலன் வெறுங்காலோடு ஓடினார். கேட்டைத் திறந்துகொண்டிருந்தவர்களைப் பிடித்துவிட்டார்.

“அம்மா, கூடாதும்மா. இவ வயசுக்கு எலும்பு வளர்றது நின்னிருக்கும். இனி எந்த ஹார்மோனைத் தூண்டினாலும் உயரம் வராது. நர்சிங்ல சேர்த்துருங்க.”

“இப்பத்தான கூடலாம்னீங்க?”

“பயந்துபோய்ச் சொல்லிட்டேன்.”

“டப்பாவுலயும் அப்படித்தான போட்டிருக்கு?”

“அதை எழுதினதே நான்தாம்மா.”

முத்துப்பேச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கசங்கிய வேட்டி, கத்தரிக்காய்க் கறை படிந்த விரல், மூச்சு வாங்கும் நெஞ்சு. அவள் முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. பூபாலனுக்கு அதுதான் தாங்கவில்லை.

“சரிங்கய்யா, வெயில்ல நிக்காதீங்க. உள்ள போங்க.”

“அம்மா, நான் நர்சிங்கே...” என்றாள் நாகஜோதி.

“பேசாம வாடி. சாமி இருக்குற இடத்துல முதல்ல வந்ததுதான் வாக்கு. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் மனுசன் பேச்சு.” சாலைக்குப் போனபின் அவள் குரல் தணிந்தது. “பாவம், மனசு சரியில்லாம இங்க கொண்டுவந்து விட்டிருக்காக போல.”

அன்று சாயங்காலம் குருவே அவர்கள் ஊருக்குப் போய், உயரம் கூடாது என்று சொன்னார். முத்துப்பேச்சி விழுந்து கும்பிட்டாள், காபி போட்டுக் கொடுத்தாள். மடத்தில் கிடைத்த வாக்கை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றாள். மறுநாள் நாகஜோதி கல்லூரிக்குப் போகவில்லை. அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டதாக வாரக் கடைசியில் செய்தி வந்தது.

பூபாலனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பிறகு குருவிடம் வந்தார். குரலில் கோபமும் இருந்தது.

“அங்கேயே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி. ஏன் என்கிட்ட விட்டீங்க?”

“நீங்க கூடாதுன்னு சொல்லுவீங்கன்னு நம்பினேன்,” என்றார் குரு. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “அது என் தப்பு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவே கேட்டார்.

“அந்த விளம்பரத்தை எழுத உங்களுக்கு எவ்வளவு நாள் ஆச்சு?”

“மாசக்கணக்குல ஆச்சு. ஒவ்வொரு வரியையும் நாலு பேருக்குப் படிச்சுக் காட்டி, எதைச் சொன்னா நம்புறாங்கன்னு பார்த்துப் பார்த்து எழுதினேன்.”

“உண்மையைச் சொல்ல?”

“கேட்டுல நின்னு ஒரு நிமிஷத்துல சொன்னேன்.” பூபாலன் தலைகுனிந்தார். பிறகு அவசரமாகக் கேட்டார். “உண்மையையும் அதே மாதிரி உட்கார்ந்து எழுதட்டுமா சாமி? நம்புற மாதிரி?”

“எழுதுங்க,” என்றார் குரு. “யாராவது படிப்பாங்க. நாகஜோதிக்குச் சேர்க்கை முடிஞ்சு போச்சு.”