இடக்கண் வாசலில் ஒரு விரல்

ஒரு காலத்தில், அதாவது சென்ற மழைக்காலத்தில், பெரம்பூரில் ரோசலின் என்ற ஆறாம் வகுப்புப் பெண்ணின் முகத்தில் இரண்டு படலங்கள் வாழ்ந்தன. அக்காவுக்கு வலக்கண், தங்கைக்கு இடக்கண்.

படலம் என்றால் வெள்ளை விழியின்மேல் படிந்திருக்கும் மெல்லிய தோல். நேரே நின்று பார்த்தாலும் தெரியாது. விழியைப் போர்த்திக்கொண்டே போய், பின்பக்கம் எட்டுவதற்குள் மடங்கித் திரும்பி, இமையின் உட்புறத்திலும் அதுவே ஒட்டியிருக்கும். அந்த மடிப்பு ஒரு பை மாதிரி. கண்ணில் விழும் தூசி அதைத் தாண்டி விழிக்குப் பின்னால் போக முடியாது. பெருக்கித் தள்ள இமை மாமா இருந்தார். கழுவிவிடக் கண்ணீர் அத்தை மேலே இருந்தாள்.

அந்த மாதம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா சிவந்து வீங்கிக் கிடந்தாள்.

"பன்னிரண்டு நாள்ல கேரம் போட்டி இருக்கு டாக்டர்," என்றாள் ரோசலின்.

"வலது கண்ணு அதுக்குள்ள தேறிடும். இடது கண்ணுக்கும் தொத்திச்சுன்னா போட்டியை மறந்துடு. கண்ணைத் தொடாதே. தொட்டுட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவு. உன் துண்டு உனக்கு மட்டும்தான். வெளிச்சம் கூசுச்சுன்னா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ."

அம்மாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. ரோசலினின் ஆள்காட்டி விரலுக்கு அதுவும் விழவில்லை. மேஜையில் கிடந்த பேனா மூடியைச் சுண்டிப் பார்ப்பதில் அது மும்முரமாக இருந்தது. கேரம் ஆடுகிற விரல். தெருவில் அதற்கென்று ஒரு பெயர் உண்டு.

கறுப்புக் கண்ணாடி வந்து மூக்கின்மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தது. "இனிமே ஒரு பார்வை உள்ளே வராது, ஒண்ணு வெளியே போகாது. பார்த்தா ஒட்டுற நோய் இது. நான் கவனிச்சுக்கிறேன்."

"பார்த்தா எப்படிங்க ஒட்டும்?" என்றாள் தங்கை.

"ஊரே சொல்லுது. நீ சின்னப் பொண்ணு, பேசாம இரு."

ஊர் சொல்லத்தான் செய்தது. "அக்கா கண்ணைப் பார்க்காதடா," என்று அம்மா தம்பி ஜெரோமை மிரட்டி வைத்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே ரோசலினோடு பேசினான். நடக்கும்போது இரண்டு தரம் பீரோவில் இடித்துக்கொண்டான். கண்ணாடி எதிர்வீட்டுக்காரர் பார்வையைக்கூட வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பியது.

புதன்கிழமை மாலை, மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது இடக்கண்ணில் ஒரு தூசி விழுந்தது. உறுத்தல் என்றால் அப்படி ஓர் உறுத்தல்.

"அண்ணன் வந்துட்டேன்," என்று கண்ணாடிக்குக் கீழே குரல் கேட்டது. ஆள்காட்டி விரல். நுனி ஈரமாக இருந்தது.

கண்ணாடி மரியாதையாக மேலே தூக்கிக்கொண்டது. "நம்ம வீட்டு ஆளுதானே. உள்ளே போங்க."

"எங்கேர்ந்து வர்றீங்கண்ணே?" என்றாள் தங்கை.

"உங்க அக்காவைப் பார்த்துட்டு வர்றேன். பாவம், ஒரே அழுகை. நல்லா துடைச்சுவிட்டேன்."

"அங்கேயே நில்லுங்க."

விரலுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "உதவிக்கு வந்தவனை வாசல்லயே நிறுத்துறியா? அடுத்த சனிக்கிழமை யாரை நம்பி ஆட்டம்? என்னை நம்பித்தான்."

"நீங்க சுண்டணும்னா நான் தெளிவா இருக்கணும்ணே. அக்காவோட நோய் உங்க நுனியில உட்கார்ந்திருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குக் கண்ணு கிடையாதுண்ணே."

உறுத்தல் கூடியது. ஒரே ஒரு தேய்ப்பு, எவ்வளவு சுகமாக இருக்கும் என்று தங்கைக்கே தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தானே கூப்பிட்டுவிடுவோம் என்று பயந்தாள். "போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்," என்றாள்.

விரல் முணுமுணுத்துக்கொண்டே போயிற்று. தனியாகப் போக முடியாதே. மற்ற ஒன்பது பேரையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

அது போன கையோடு இமை மாமா படபடவென்று பெருக்கினார். அத்தை மேலிருந்து கொட்டினாள். தூசி விழிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று ஓடி, மடிப்பில் முட்டிக்கொண்டது.

"இந்தப் பக்கம் வழி இல்லையா?"

"இல்லை. வந்த வழியே கிளம்பு," என்றாள் தங்கை.

தூசி மூக்கோரமாக ஒதுங்கி, கன்னத்தில் இறங்கிப் போயே போய்விட்டது. விரல் சோப்பு வாசனையோடு திரும்பி வந்தது.

"எங்கே அவன்?"

"போயிட்டாண்ணே."

"அப்போ நான் கழுவினது வேஸ்ட்டா?"

அக்காவுக்கு வந்தது தனக்கும் வருமா என்று தங்கைக்குத் தெரிய இன்னும் சில நாள் ஆகும். ஒவ்வொரு விடியலிலும் முகம் பார்க்கும் கண்ணாடிமுன் ரோசலின் நிற்கும்போது, தான் சிவக்கவில்லை என்று தங்கை முதலில் பார்த்துக்கொண்டாள்.

போட்டி நடந்த சனிக்கிழமை இரண்டு கண்ணும் வெள்ளைவெளேர். கடைசி ஆட்டத்தில் விரல் சிவப்புக் காயையும் அதை உறுதிசெய்யும் ஃபாலோ காயையும் அடுத்தடுத்துப் போட்டது. "ஒரு பார்வையைக்கூட உள்ளே விட்டேனா?" என்று கறுப்புக் கண்ணாடி பெட்டிக்குள்ளிருந்து பெருமையடித்துக்கொண்டது. அம்மாவும் ஆமாம் என்பது போல அந்தப் பெட்டியைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்தாள்.

ரோசலினுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கேரம் பவுடர் அப்பிய விரல் துடைத்துவிடக் கிளம்பிப் பாதி வழி வந்தது. அங்கேயே நின்றது. பிறகு திரும்பிக் குழாய் எங்கே என்று தேடிப் போயிற்று.

இந்த முறை அதை யாரும் நிற்கச் சொல்லவில்லை.