நீலம் சுருங்கிய கப்பல்

"குடி கெட்டுது டீச்சர்! பெயிண்ட் பூராவும் சுருங்கிட்டு."

பிளாஸ்டிக் கப்பலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார் தணிகாசலம்.

சிஷ்யருக்கு வயது அறுபது. குரு மெர்லினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடியில் குட்டிக் கப்பல் செய்யக் கற்றுக்கொடுக்கிறவள். பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

"கீழ என்ன பெயிண்ட், அண்ணாச்சி?"

"எனாமல். தம்பி அடிச்ச நீலம். பாதியில சண்டை வந்துட்டு. அப்படியே போட்டுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் பேச்சுவார்த்தையே இல்ல."

"மேல?"

"காருக்கு அடிக்கிற ஸ்ப்ரே. நான் அடிச்சது." கப்பலை மேசைமேல் இறக்கி வைத்தார். "முழுசா முடிச்சு அவன் கையில கொடுக்கணும்னு இருந்தேன். இதைச் சாக்கா வச்சுத்தான் அவன் வீட்டு வாசப்படி ஏறணும். இப்ப எந்த மூஞ்சியோட போவேன்?"

எந்தப் பெயிண்டையும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்பது மெர்லின் வழக்கம். அப்படி அடித்து வைத்ததில் இரண்டை எடுத்து நீட்டினாள். ஒன்று பாலாடை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. மற்றது பளபளவென்று இருந்தது.

"இந்தச் சுருங்கினது?"

"எனாமல் அடிச்சு, மேல ஸ்ப்ரே."

"இந்த நல்லது?"

"அதே ரெண்டும்தான். ஸ்ப்ரே முதல்ல, காஞ்சப்புறம் எனாமல்."

தணிகாசலம் ஸ்பூன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்ப்ரேல இருக்கிற தின்னர் பொல்லாதது. கீழ எனாமல் இருந்தா உரிச்சுப்போடும்," என்றாள் மெர்லின்.

"அப்ப அவன் பெயிண்ட் மேல குத்தமில்ல. நான்தான் அவசரப்பட்டு மேல விழுந்திருக்கேன்."

"ஆமா."

கொஞ்சமாவது இல்லையென்று சொல்லக் கூடாதா? சொல்லவில்லை. ஆனால் தின்பண்ட டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவன் அடிச்ச நீலத்தைக் காப்பாத்த வழியே இல்லையா, டீச்சர்?"

"இல்ல. ரெண்டையும் சுரண்டணும்."

பாவம், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சரி, சுரண்டுதேன். ஸ்ப்ரேயும் அடிச்சிருவேன். மேல எனாமலுக்கு எங்க போவேன்? பிரஷ் பிடிச்சா என் கை நடுங்கும். அவன்தான் நூல் பிடிச்ச மாதிரி அடிப்பான்."

மெர்லின் இரண்டு உப்புத்தாளை எடுத்துக் கப்பல்மேல் வைத்தாள்.

"ஒண்ணு போதுமே டீச்சர்."

"உங்களுக்கு ஒண்ணு போதும்."

தணிகாசலம் தாளைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார்.

"இந்தக் கோலத்துலயா அவன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுதீங்க?"

"முடிச்சுக் கொண்டுபோனா அவருக்கு அதுல என்ன வேலை, அண்ணாச்சி?"